ரத்தத்தில் ஓர் எழுத்துப் பிழை

(சாமராஜநகரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய பெரியவர் இரண்டு ஸ்லோகங்களோடு ஆரம்பித்தார். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அதுவும் ஐம்பது வருஷத்துக்கு முன் படித்தது. அப்புறம் சர்வீஸ் முழுக்க ஃபைலும் நோட்டும்தான். செயலாளர், "சர்க்கரை, பி.பி. பற்றி ஏதாவது பேசுங்கோ" என்றார். சர்க்கரை பற்றி இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் என்னைவிட அதிகம் தெரியும். ஆகையால் இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு வியாதியைப் பற்றிப் பேசுகிறேன்.

1980களின் நடுவில் என்னை இங்கே மாற்றினார்கள். அப்போது சாமராஜநகர் மைசூர் ஜில்லாவில் ஒரு தாலுகா. தனி ஜில்லா ஆனது 1997இல்தான். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் பிரட்டிக்கொண்டு சத்தியமங்கலம் போய் வந்தவர்கள் இந்தச் சபையிலேயே பலர் இருப்பீர்கள்.

என் ஆபீசில் ஓர் அட்டெண்டர். பிலிகிரி ரங்கன் மலையைச் சேர்ந்த சோலிகர். மலைக்கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்த ஜனங்கள் ரங்கநாதரை 'ரங்க பாவா' என்பார்கள். பாவா என்றால் அக்கா புருஷன். தங்கள் குலத்துப் பெண் குசுமாலையை அவர் கல்யாணம் செய்துகொண்டார் என்பது ஐதிகம். நாம் பன்னிரண்டு திருநாமம் சொல்லிச் சேவிக்கிற பெருமாளை ஒருவர் அத்திம்பேர் என்று கூப்பிடுவது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. இப்போது பொறாமையாக இருக்கிறது.

இந்த அட்டெண்டர் ஒல்லி. கண் எப்போதும் லேசாக மஞ்சள். மார்கழிக் குளிர் வந்தால் திடீரென்று மூன்று நாள் வரமாட்டார். "எலும்புக்குள்ளே வலி சாமி, யாரோ உள்ளே இருந்து முறுக்குகிற மாதிரி" என்பார். நாலாம் நாள் சாதாரணமாக நடந்து வந்து, மேஜை துடைத்து, தண்ணீர் வைப்பார். வீக்கம் இல்லை, ஜுரம் இல்லை. சாராயம் என்றார் ஹெட்கிளார்க். நானும் நம்பினேன். மெமோ கொடுத்தேன், விளக்கம் கேட்டேன், கடைசியில் ஒரு இன்க்ரிமெண்டை நிறுத்தி ஆர்டர் போட்டேன். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எனக்கு மாற்றலாகிப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மலையில் ரத்தப் பரிசோதனை செய்தபோது அவருக்கு சிக்கிள் செல் அனீமியா என்று கண்டுபிடித்தார்களாம்.

அது என்ன என்று என் பழைய கெமிஸ்ட்ரியை வைத்துக்கொண்டு படித்தேன். நம் ரத்தச் சிவப்பணு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 27 கோடி ஹீமோக்ளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் நாலு சங்கிலி. அதில் பீட்டா என்ற சங்கிலி 146 அமினோ ஆசிட் மணிகள் கோர்த்த மாலை. இந்த வியாதிக்காரர்களுக்கு ஆறாவது மணி மாறியிருக்கிறது. க்ளூடாமிக் ஆசிட் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. இதை ஒரு மூலக்கூறின் வியாதி என்று 1949இல் சொன்னவர் லைனஸ் பாலிங். எந்த மணி என்று சில வருஷங்களில் இங்க்ராம் என்பவர் காட்டினார்.

ஒரு மணி மாறினால் என்ன? க்ளூடாமிக் ஆசிட் தண்ணீரோடு சிநேகமானது. வாலினுக்கு எண்ணெய்க் குணம், தண்ணீரிலிருந்து ஒதுங்கப் பார்க்கும். ஹீமோக்ளோபின் பிராண வாயுவைச் சுமக்கிற வரையில் தொந்தரவு இல்லை. வாயுவை இறக்கிவிட்டவுடன் மூலக்கூறின் வடிவம் கொஞ்சம் மாறும். அப்போது பக்கத்து மூலக்கூறில் ஒரு சின்ன எண்ணெய்ப் பள்ளம் வெளியே தெரியும். இந்த வாலின் அதில் போய்ச் சிக்கிக்கொள்ளும். காட்டுப் பாதையில் நடந்தால் வேஷ்டிக் கரையில் நாயுருவி ஒட்டிக்கொள்கிறதே, அந்த மாதிரி. ஒன்றோடு ஒன்று, அதோடு இன்னொன்று என்று ஒட்டிக் கயிறு கயிறாகத் திரண்டு, வட்டமான அணுவை அரிவாள் மாதிரி வளைத்துவிடும். அப்படி வளைந்தவை மெல்லிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்துக்கு அப்பால் எலும்பு ரத்தமில்லாமல் துடிக்கும். குளிர், தண்ணீர் குடிக்காமை, ஜுரம், எதுவும் இதைக் கிளப்பிவிடலாம். நல்ல சிவப்பணு 120 நாள் இருக்கும், இவை 10, 20 நாளில் உடைந்துவிடும். உடைந்ததன் சாயம்தான் கண்ணில் மஞ்சள்.

மார்கழி, எலும்புக்குள் வலி, மஞ்சள் கண். மூன்றும் என் கண் முன்னால் இருந்தன.

இது ஏதோ ஆப்பிரிக்க வியாதி என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நம் பக்கத்து நீலகிரியில் மலைவாசிகளின் ரத்தத்தைப் பார்த்து, இங்கேயும் இது இருக்கிறது என்று எழுதினார்கள். நம் பிலிகிரி மலையில் டாக்டர் சுதர்சன் 1981இல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தை ஆரம்பித்தார். நான் வேலை பார்த்த அதே வருஷங்களில், அதே தாலுகாக்களில் அவர் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார். நான் ஜீப்பில் போனேன்.

இப்படிப்பட்ட பிழை ஏன் அழியவில்லை என்று கேட்கலாம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் வியாதி. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவருக்கு வியாதி இல்லை, சுமப்பவர், அவ்வளவுதான். அப்படிச் சுமப்பவரை உயிர்க்கொல்லி மலேரியா அவ்வளவாக வீழ்த்துவதில்லை. அவர் அணுவுக்குள் கிருமி புகுந்தால் அந்த அணு சீக்கிரம் வளைந்து மண்ணீரலில் வடிகட்டப்பட்டுவிடும். தப்பிய அணுக்களும் குழாய்ச் சுவரில் சரியாக ஒட்டுவதில்லை. கிருமியின் பலமே அந்த ஒட்டுதலில்தான். ஆலிசன் என்பவர் 1954இல் ஆப்பிரிக்காவில் இந்தப் பாதுகாப்பைக் காட்டினார். அதற்கு முன்பே தலசீமியா விஷயத்தில் இப்படி இருக்கலாம் என்று ஊகித்தவர் ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்கு வந்து, ஜிப்பா மாட்டிக்கொண்டு, 1964இல் புவனேசுவரத்தில் காலமான அதே ஹால்டேன்தான்.

இந்தக் காடுகள் மலேரியாவுக்குப் பேர் போனவை. ரொனால்ட் ராஸ் 1897இல் கொசுவைத் தேடிக்கொண்டு ஊட்டிப் பக்கம் சீகூர் மலைச்சரிவில் இறங்கியபோது அவருக்கே மலேரியா வந்தது. எனக்கும் வந்தது. அப்போது மூன்று நாள் குளோரோகுயின் கொடுத்தார்கள். அந்தக் கசப்பு நாக்கை விட்டுப் போக ஒரு வாரம் ஆயிற்று.

அந்த மாத்திரையின் வேலையும் ஒட்டுதல்தான். மலேரியாக் கிருமி நம் ஹீமோக்ளோபினைத் தின்கிறது. தின்ற பிறகு மிஞ்சும் 'ஹீம்' அதற்கே விஷம். அதைக் கல்லாக்கி மூலையில் தள்ளிவைத்துத் தப்பிக்கும். குளோரோகுயின் போய் ஹீமோடு ஒட்டி அதைக் கல்லாக விடாமல் செய்கிறது, கிருமி தன் குப்பையாலேயே சாகிறது. பிறகு கிருமி என்ன செய்தது தெரியுமா? அதன் வயிற்றுச் சவ்வில் உள்ள ஒரு புரதத்தில் 76ஆவது மணி மாறியது. லைசின் போய் த்ரியோனின். அதோடு வேறு சில மாற்றங்களும் சேர்ந்தன. அந்த வழியாக மருந்து வெளியே போய்விடுகிறது. நமக்கு ஆறாவது மணி மாறியதால் கிருமியை எதிர்த்தோம், அதற்கு 76ஆவது மணி மாறியதால் நம் மருந்தை எதிர்த்தது! இந்தியாவில் இந்த எதிர்ப்பு முதலில் தெரிந்தது 1973இல், அஸ்ஸாமில். ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு இப்போது நம் நாட்டில் குளோரோகுயின் கொடுப்பதில்லை, ஆர்டிமிசினின் வகை மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஒன்றை ஏமாற்றினாலும் மற்றது பிடிக்கும் என்ற கணக்கு.

ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் 1993இல் குளோரோகுயினை நிறுத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிகளே திரும்ப வந்துவிட்டன. மருந்தின் நெருக்கடி இல்லாதபோது அந்த மாற்றம் கிருமிக்கே சுமை. வீட்டில் மீந்த ஆண்டிபயாடிக்கைப் பேரனுக்குப் பாதி உடைத்துக் கொடுக்கும் மாமிகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். மாமாக்களும்தான், நான் உள்பட.

சிக்கிள் செல்லுக்கு மருந்து? ஹைட்ராக்ஸி யூரியா என்று ஒன்று, விலை அதிகமில்லை. கர்ப்பத்தில் இருக்கும்போது நமக்கு வேறு ஹீமோக்ளோபின், அது இந்தக் கயிற்றில் சேராது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு முதல் ஐந்தாறு மாசம் வலி வராது. அந்தக் குழந்தை ஹீமோக்ளோபினை இந்த மருந்து மறுபடி கொஞ்சம் எழுப்பிவிடுகிறது. ஹீமோக்ளோபினோடு நேராக ஒட்டுகிற வாக்ஸெலோட்டர் என்ற மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கயிறு திரிவது குறைந்தது, ரத்த அளவு ஏறியது. ஆனால் நோயாளிகளுக்கு ஆபத்து கூடுதலோ என்ற சந்தேகத்தில் 2024 செப்டம்பரில் கம்பெனியே உலகம் முழுக்க அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2023இல் மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு அனுமதி வந்தது, விலை 22 லட்சம் டாலர். மலையில் இருப்பவருக்கு அதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

நம் அரசாங்கம் 2023 ஜூலை 1 அன்று ஓர் இயக்கம் ஆரம்பித்தது. 17 மாநிலங்களில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதித்து ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பது என்று திட்டம். சுமப்பவர் இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வியாதி வரலாம். அதை முன்னாலேயே தெரிந்துகொள்ளத்தான் அட்டை. நாம் ரஜ்ஜு பார்க்கிறோம், பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம், மாமா பெண்ணையும் கட்டிவைக்கிறோம். ரத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. சுமப்பவர் என்று அட்டையில் எழுதியிருந்தாலே வியாதிக்காரி என்று பெண்ணை ஒதுக்கிவிடுவார்கள். அட்டை கொடுப்பவர் உட்கார்ந்து விளக்கவும் வேண்டும்.

சென்ற வருஷம் மலைக்கோயிலுக்குப் போனபோது அந்த அட்டெண்டரின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் போய் 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளை இருந்தார். நான் யார் என்று சொன்னதும் பாய் விரித்து டீ போட்டுக் கொடுத்தார். இன்க்ரிமெண்ட் விஷயத்தை நானே சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "அப்பா உங்களைக் குறை சொன்னதே இல்லை. மெமோ கொடுக்கும்போதுகூடக் கத்தமாட்டார் என்பார்" என்றார். அந்த இன்க்ரிமெண்ட் மாசம் பன்னிரண்டு ரூபாய்.

அவர் பெண் சாமராஜநகரில் பி.யு.சி. படிக்கிறாள், சயன்ஸ். அவளுடைய அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். சுமப்பவர் என்று இருந்தது. "தாத்தாவுக்கு வந்தது எனக்கு வருமா?" என்று கேட்டாள். வராது என்று சொல்லி, ஏன் வராது என்பதை அவள் நோட்டிலேயே படம் போட்டு விளக்கினேன். ஆறாவது மணியை நான் எழுதுவதற்குள் அவளே எழுதிவிட்டாள்.