மருந்து கேட்காமல் போனால்



மராட்டிய மண்ணில் வாழும் நமக்குப் பருத்திக் கதை தெரியும். காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே சுரக்கும் பி.டி. பருத்தி வந்ததும் காய்ப்புழு ஒழிந்தது என்று விதர்பா விவசாயிகள் நிம்மதி அடைந்தார்கள். 2017-இல் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதே பருத்தியைத் துளைத்தது. நஞ்சைத் தாங்கிய சில புழுக்கள் பிழைத்தன. அவற்றின் சந்ததி வயலை நிரப்பியது. புற்றுநோய் செல்களும் இப்படித்தான் மருந்துக்குத் தப்புகின்றன.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயைப் பாருங்கள். இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டுவதால் பிறக்கும் ஒரு புரதம், வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. அந்தப் புரதத்தை மட்டும் குறிவைத்து 2001-இல் வந்தது இமாட்டினிப். அப்போது மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விலை! அதன் காப்புரிமை விண்ணப்பத்தை 2006-இல் மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. இந்திய நிறுவனங்களின் மலிவான மாத்திரை ஏழைக்கும் எட்டுவது அதனால்தான்.

ஆனால் சிலருக்கு அந்த மாத்திரை கேட்காமல் போகிறது. ஏன்? ஒரு காரணம் இது. அந்தப் புரதத்தில் 315-ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அதற்குப் பதில் ஐசோலூசின் வந்து உட்கார்ந்தால் போதும், மருந்து நுழையும் இடுக்கு அடைபடுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று! அடுத்த தலைமுறை மருந்துகளான டாசாட்டினிப், நிலோட்டினிப் இரண்டும் அங்கே தோற்றன. அந்த மாற்றத்தையும் சமாளிக்கவே வடிவமைக்கப்பட்ட போனாட்டினிப் 2012-இல் வந்தது. 2021-இல் வந்த அசிமினிப் அதே புரதத்தை வேறொரு இடத்தில் பிடிக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் ஜெஃபிட்டினிப் தோற்ற இடத்தில் ஓசிமெர்ட்டினிப் கைகொடுத்ததும் இப்படி மாற்றத்துக்கு ஏற்ற மருந்தாகத்தான். எந்த மாற்றம் என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியும்.

ஆய்வுக்கூடத்தில் புற்றுச் செல்களுக்குச் சிறுகச் சிறுக மருந்தைக் கூட்டி, பிழைத்தவற்றைப் படித்தும் புற்றுநோய் தப்பும் இந்த வழிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அத்தகைய செல் வரிசைகளைப் பேணி நாடெங்கும் அனுப்பும் தேசிய செல் அறிவியல் மையம், இதோ நம் புனே பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. நமக்கு அது பெருமை.

மருந்து கேட்காமல் போக இன்னொரு காரணமும் உண்டு: மாத்திரையைத் தவறவிடுவது. லண்டனில் இமாட்டினிப் சாப்பிட்ட 87 பேரின் மாத்திரைப் புட்டி மூடிக்குள் சிறு மின்னணுக் கருவி வைத்தார்கள். மூடி திறந்த ஒவ்வொரு முறையும் அது குறித்துக்கொண்டது. 2010-இல் முடிவு வெளியானது. 90 சதவீதத்துக்கு மேல் தவறாமல் சாப்பிட்டவர்களில் நோய் நன்கு அடங்கும் வாய்ப்பு 94.5 சதவீதம், மற்றவர்களில் 28.4 சதவீதம்தான். "உடம்புதான் நல்லா இருக்கே" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் மருந்து கேட்காமல் போகலாம். அவர்மீது யாரும் பழி சொல்லக் கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ குடியிருப்பிலோ இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். மருந்து கேட்கவில்லை என்று மருத்துவர் சொன்னால், மரபணு மாற்றத்துக்கான சோதனையையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பணம்தான் தடை என்றால், இந்த அவையில் இருக்கும் நாம் சேர்ந்து கட்டுவோம்.