சிலம்பும் விளம்பரமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விளம்பரத்தில் கதைக்கு உள்ள இடத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். தமிழ்ச் சங்க மேடையில் வாணிகப் பேச்சா என்று சிலர் ஐயுறலாம். மணிமேகலையை நமக்குத் தந்த சாத்தனார் மதுரையில் கூலவாணிகம் செய்தவர். நெல்லையும் பயற்றையும் அளந்த கைதான் காப்பியமும் எழுதியது. ஆகவே கடையும் கதையும் நமக்குப் புதிய உறவினர் அல்லர்.

புகார் நகரில் பறந்த பல்வகைக் கொடிகளைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. அவற்றுள் கள் விற்கும் மனையில் பறந்த கொடியும் ஒன்று. அது விளம்பரமே. ஆனால், கொடி "இங்கே இன்னது உண்டு" என்று மட்டுமே கூறும். "அதனை நீ ஏன் வாங்க வேண்டும்?" என்பதற்கு விடை கூறாது. அவ்விடையைக் கூறுவது கதை.

கதையின் ஆற்றலை அறியச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று வேண்டுமோ? கோவலன் கையில் உயர்ந்த சிலம்பு இருந்தது. ஆனால், அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று எடுத்துரைக்க மதுரையில் அவனுக்கு ஆள் இல்லை. பொற்கொல்லன் பொய்க்கதை ஒன்று கட்டினான். மன்னன் ஆராயாமல் நம்பினான், கோவலன் மாண்டான். பின்னர்க் கண்ணகி வந்தாள். தன் ஊரும் குடியும் கூறினாள். அதனோடு நில்லாமல் சிலம்பை உடைத்தும் காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. இதிலிருந்து தெறித்தது மாணிக்கம்! சொன்ன கதைக்கு உள்ளிருந்த பரல் சான்றாயிற்று. விளம்பரம் செய்வோர் கற்க வேண்டிய பாடம் முழுவதும் இக்காட்சியில் அடங்கியுள்ளது என்பேன்.

நாம் வாழும் இம்மும்பையிலேயே அதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. 1980-களில் நிர்மா என்னும் மலிவுச் சலவைத்தூள் நாடெங்கும் பரவியது. சர்ஃப் தூளின் விலையோ அதனினும் பல மடங்கு. விலை மிகுந்த பொருளைச் சிக்கனமான இல்லத்தரசியிடம் எவ்வாறு விற்பது? லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் தலைவராக இருந்த அலிக் பதம்சீ நாடகக் கலைஞருமாவார். அவர் "எங்கள் தூள் சிறந்தது" என்று முழங்கவில்லை. லலிதாஜி என்னும் ஒரு பெண்மணியைப் படைத்தார். காய்கறிக் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கும் அப்பெண்மணி, மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்கிறார். அரைக் கிலோ சர்ஃப், மலிவுத் தூள் ஒரு கிலோவுக்கு ஈடு என்று கணக்கும் காட்டுகிறார். பேரம் பேசுவதில் வல்லவரான தம் அன்னையையே மனத்தில் கொண்டு அப்பாத்திரத்தை அமைத்ததாகப் பதம்சீ பின்னாளில் கூறியுள்ளார். அதனால்தான் தொலைக்காட்சியின்முன் அமர்ந்திருந்த ஒவ்வொரு குடும்பத்தலைவியும் அதில் தம்மையே கண்டார். கதை விற்பவரைப் பற்றியது அன்று, வாங்குபவரைப் பற்றியது. அதன் வெற்றி அங்கே இருக்கிறது.

எனினும், கதைக்கும் எல்லை உண்டு. லலிதாஜி புகழ் பெற்றார். நிர்மாவின் வளர்ச்சி நின்றுவிடவில்லை. சர்ஃப் நிறுவனமே வீல் என்னும் மலிவுத் தூளையும் களத்தில் இறக்க நேர்ந்தது. ஏழையின் பணப்பை சிறிதாயிருப்பதை எந்தக் கதையாலும் பெரிதாக்க முடியாது.

இன்னொன்று, நம் தாய்மார்கள் நன்கறிந்தது. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், அன்றைய பம்பாயின் கிர்காவ் பகுதியில், ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே இன்று லிஜ்ஜத் பாப்பட் என்னும் பெரும் நிறுவனம். தொலைக்காட்சியில் அதன் அப்பளத்தைச் சுவைத்த முயல் பொம்மையை நம் குழந்தைகள் மறவார்கள். ஆயினும், அம்முயலினும் வலிய விளம்பரம் அந்த ஏழு பெண்களின் வரலாறே. தொடக்கத்தில் அவர்கள் உயர்ந்த தரம், தாழ்ந்த தரம் என இருவகை அப்பளம் செய்தனர். தரம் ஒன்றே இருக்க வேண்டும், அதிலிருந்து வழுவலாகாது என்று அவர்களுக்குக் கடன் உதவிய சகன்லால் பாரேக் அறிவுறுத்தினார். சிலம்புக்குள் மாணிக்கம் வைத்தது அந்த அறிவுரைதான். கதை முதல் பொட்டலத்தை விற்கும். இரண்டாம் பொட்டலத்தை அப்பளமே விற்றாக வேண்டும்.

அன்பர்களே! இதனை நான் இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். இன்றும் அங்கே பைகளும் இடைவார்களும் உருவாகின்றன. ஆனால், அவற்றுள் பல, செய்தவர் பெயர் இன்றியே வெளியேறுகின்றன. வேறொருவர் பெயரைப் பொறித்தவுடன் அதே பைக்கு விலை உயர்கிறது! தாராவியின் சிறு வீடுகளில் விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் அனுப்பும் குடும்பங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. உண்பவர்க்கு இட்லி தெரியும். அவித்த கை தெரியாது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முறுக்கும் பொடியும் செய்து விற்கும் சகோதரிகளும் "வீட்டுத் தயாரிப்பு" என்ற இரு சொல்லோடு நின்றுவிடுகின்றனர். நம் சிலம்பில் மாணிக்கம் இருக்கிறது. எடுத்துரைக்கத்தான் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் பிறர் கதை கட்டுவர் என்பதைக் கோவலன் முடிவு நமக்குக் காட்டவில்லையா?

ஆதலால், நம் இளைஞர்க்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, தொழில் செய்யும் பெரியோரிடம் அமர்ந்து கேளுங்கள். தோலை எவ்வாறு தேர்ந்தார், தையலை எவரிடம் கற்றார், பொடிக்கு மிளகாயை எத்தனை நாள் வெயிலில் காய வைத்தார் என்று கேட்டு எழுதுங்கள். "உலகத் தரம்" என்னும் பெருஞ்சொல்லினும் "மூன்று நாள் வெயில்" என்னும் சிறுசொல் நெஞ்சில் பதியும். இரண்டாவது, வாங்குபவரின் வாழ்க்கையைக் கதைக்குள் கொண்டு வாருங்கள். பள்ளிக்குச் செல்லும் சிறுவனின் தோளில் அந்தப் பை எத்தனை மழைக்காலம் தாங்கியது என்பதே அவன் தாய்க்கு வேண்டும் செய்தி. மூன்றாவது, உடைத்துக் காட்ட முடியாத சிலம்புக்குக் கதை எழுதாதீர்கள். பொற்கொல்லனும் கதை வல்லவன்தான். அவன் கதையால் ஒரு நகரமே எரிந்தது.

நம் பெரியோரின் கைத்திறனுக்கு உரிய பெயரும் உரிய விலையும் வாய்க்குமாறு, அவர்தம் மெய்க்கதையை இத்தலைமுறை எடுத்துரைக்கட்டும்! 

வாழ்க தமிழ்! வளர்க நம் தொழில்!