ஒரு சமையல்காரர் வாங்கிக் கொடுத்த குடியுரிமை

(தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

என்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் ஒருத்தன் அமெரிக்காவுல எச்-1பி விசாவுல இருக்கான். கிரீன் கார்டு எப்ப வரும்னு அவனுக்கே தெரியாது. ஆனா அங்க பிறந்த அவன் பையன் பிறந்த நிமிஷத்துல இருந்து அமெரிக்கக் குடிமகன். "அவங்க பெருந்தன்மைடா"ன்னு சொன்னான். பெருந்தன்மை இல்லை தோழர்களே. ஒரு சமையல்காரர் கோர்ட்டுல சண்டை போட்டு வாங்கின உரிமை அது.

அவர் பெயர் வோங் கிம் ஆர்க். 1873இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெற்றோர் சீனாவிலிருந்து வந்தவர்கள்.

அவர் பிறந்த காலம் எப்படிப்பட்டதுன்னு பாருங்க. 1860களில் கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே போன சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். சியரா நெவாடா மலையை வெடிமருந்து வைத்துக் குடைந்தார்கள். பனிச்சரிவில் புதைந்து செத்தார்கள். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது வெள்ளைத் தொழிலாளிக்குச் சமமான கூலி, குறைந்த வேலை நேரம். கம்பெனி சாப்பாட்டை நிறுத்தியது. ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. அந்தக் கம்பெனியின் தலைவர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு. ஆமா, நாம ஜி.ஆர்.இ. எழுதிட்டுக் கனவு காண்ற அதே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை நிறுவியவர்தான். அந்தப் பேரைக் கேட்டா எனக்கு இப்பல்லாம் சுரங்கம்தான் ஞாபகம் வருது.

1869இல் பாதை முடிந்தது. 1882இல் சட்டம் வந்தது: சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது, இருக்கிற சீனர்களுக்கும் குடியுரிமை கிடையாது. பத்து வருஷம் கழித்து இன்னொரு சட்டம்: சான்றிதழ் கையில் இல்லாத சீனத் தொழிலாளியை நாடு கடத்தலாம். வேலை முடிஞ்சது, ஆள் வேண்டாம். அவ்வளவுதான்.

1894இல் வோங் கிம் ஆர்க் சீனாவுக்குப் போனார். 1895 ஆகஸ்டில் திரும்பி வந்தபோது, அவர் அமெரிக்கக் குடிமகனே இல்லை என்று அதிகாரிகள் இறங்க விடவில்லை. மாதக்கணக்கில் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். பிறந்த ஊர் கண்ணுக்கு முன்னாடி தெரியுது, கால் வைக்க முடியலை.

சீனர் சங்கங்கள் வக்கீல் வைத்தன. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1868இல் வந்தது அது. அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவர் எல்லாரும் குடிமக்கள் என்று சொல்கிறது. இதை நான் அழுத்திச் சொல்றேன்: கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையா ரத்தம் சிந்தினதுல கிடைச்ச சட்டம்தான் சீனத்துப் பிள்ளையைக் காப்பாத்துச்சு. பெற்றோர் சீனப் பேரரசரின் பிரஜைகள், அதனால் மகனும் அப்படித்தான் என்று அரசு வாதிட்டது. 1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் வோங் பக்கம் நின்றது.

ஜெயிச்ச பிறகாவது நிம்மதியா? 1901இல் டெக்சாஸின் எல் பாசோவில் அவரைக் கைது செய்தார்கள். மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 1910இல் அவர் மூத்த மகனை உள்ளே விடவில்லை. தீர்ப்பு கையில இருந்து என்ன, முகம் சீன முகமாச்சே.

1882 சட்டம் 1943இல்தான் ரத்தானது. அப்போதும் சீனர்களுக்கு வருஷத்துக்கு 105 இடம்தான். 1965இல் நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையையே எடுத்தார்கள். நம்ம டாக்டர்களும் இன்ஜினியர்களும் கூட்டமாகப் போனது அதற்கு அப்புறம்தான்.

இப்ப நம்ம நண்பனுக்கு வருவோம். 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அம்மா தற்காலிக விசாவில் இருந்து, அப்பா குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ இல்லையென்றால், பிப்ரவரி 19க்குப் பிறகு அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. நண்பனின் மனைவிக்கு அப்ப ஏழாவது மாசம், ரெண்டாவது குழந்தை. ராத்திரி போன் பண்ணினான். பெருந்தன்மைங்கிற வார்த்தையே அவன் வாயில வரலை. வோங் கிம் ஆர்க் யாருடான்னு கேட்டான்.

வழக்குப் போட்டவர்கள் எடுத்து வைத்தது அந்த 1898 தீர்ப்பைத்தான். நீதிமன்றங்கள் உத்தரவுக்குத் தடை போட்டன. மார்ச் கடைசியில் பொண்ணு பிறந்தது. பிறப்புச் சான்றிதழ் வந்த கையோட பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணிட்டேன்னு மெசேஜ் போட்டிருந்தான்.