வடுவூர்ல பார்த்த கொக்கும் கோடியக்கரைக் கொக்கும்

இந்த எபிசோட் நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தினது. சின்னத் தப்புதான். ஒரு கொக்கோட பேரை மாத்திப் போட்டுட்டேன்.

போன பொங்கல் லீவுக்குத் தஞ்சாவூர் வந்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் பைக்கை எடுத்துக்கிட்டு மன்னார்குடி ரோட்டுல வடுவூர் ஏரிக்குப் போனேன். வெயில் இறங்குற நேரம். கரையோரமா ஒரு கொக்கு, உடம்பெல்லாம் கருஞ்சாம்பலாத் தெரிஞ்சது. பட்டபட்டன்னு அஞ்சாறு படம் எடுத்தேன். முதல் படத்தை மட்டும் போன்ல இருக்கிற ஆப்ல கொடுத்தேன். வந்த பட்டியல்ல "வெஸ்டர்ன் ரீஃப் ஹெரான்"னு ஒரு பேர் இருந்துச்சு. இந்த எபிசோடுக்கு அதைக் கடற்கரைக் கொக்குன்னு வச்சுக்குவோம். அதுவும் சாம்பல், இதுவும் சாம்பல். வேற எதையும் பார்க்காம, பறவைப் பதிவுத் தளத்துல அந்தப் பேரையே ஏத்திட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு, பதிவுகளைச் சரிபார்க்கிற தன்னார்வலர் ஒருத்தர்கிட்டேருந்து மெயில். "இது கடலோரப் பறவை. வடுவூர்ல பார்க்கிறது ரொம்ப அபூர்வம். அலகும் காலும் தெரியிற மாதிரி படம் இருக்கா?"

மத்த படங்களை அப்பதான் ஒழுங்காப் பார்த்தேன். நாலாவது படத்துல கொக்கு வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நிக்குது. உடம்பு வெள்ளை. அலகு மெலிசா, கறுப்பு. காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். நம்ம வயல்ல தினமும் நிக்கிற சின்னக் கொக்கு! சூரியனுக்கு எதிர்ல எடுத்ததால முதல் படத்துல கறுத்துப்போய் விழுந்திருக்கு. பதிவைத் திருத்திட்டு, அசடு வழிய ஒரு நன்றி மெயில் போட்டேன்.

அப்போ நிஜமான கடற்கரைக் கொக்கு எப்படி இருக்கும்? அதுல ரெண்டு நிறம் உண்டு. ஒண்ணு கருஞ்சாம்பல், தொண்டை மட்டும் வெள்ளை. இன்னொண்ணு முழு வெள்ளை. அதனால நிறத்தை மட்டும் நம்ப முடியாது. அலகைப் பார்க்கணும். சின்னக் கொக்கைவிடத் தடிமனா, லேசா கீழ வளைஞ்ச மாதிரி, மஞ்சளும் பழுப்பும் கலந்து இருக்கும். இந்த ரெண்டு இனமும் சில இடங்கள்ல கலந்து இனப்பெருக்கம் செய்யறதும் உண்டு. அதனால தேர்ந்த ஆட்களே சில நேரம் தயங்குவாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை சித்தப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கோடியக்கரை கிளம்பினேன். அவர் மன்னார்குடி பக்கம் விவசாயம் பண்றவர். "ஏம்ப்பா, கொக்கு பார்க்க கோடியக்கரை வரைக்கும் போகணுமா? நம்ம வயல்ல இல்லாத கொக்கா?"ன்னு கேட்டுக்கிட்டேதான் பைக்ல ஏறினார்.

அந்த ரோட்டுல போனாலே பாதி பதில் கிடைச்சிடும். மன்னார்குடி தாண்டி திருத்துறைப்பூண்டி வரைக்கும் சம்பா வயல். கடைமடைப் பக்கம் போகப் போக மண்ணோட நிறம் மாறுது. வேதாரண்யம் வந்தா உப்பளம். நூறு கிலோமீட்டருக்குள்ள ஆத்துத் தண்ணி முடிஞ்சு கடல் தண்ணி ஆரம்பிச்சிடுது.

கோடியக்கரையில கடல் தண்ணி வத்தி, கழியில சேறு தெரியிற நேரம். சின்னக் கொக்குக் கூட்டத்துலேருந்து தள்ளி ஒண்ணு தனியா நின்னுச்சு. கருஞ்சாம்பல் உடம்பு, வெள்ளைத் தொண்டை, தடிச்ச அலகு. திடீர்னு நாலு எட்டு ஓடி, தண்ணியில கொத்தி, ஒரு மீனைத் தூக்குச்சு. சித்தப்பா பைனாகுலரைத் திருப்பித் தரவே இல்லை. கடைசியா ஒண்ணு கேட்டார்: "சின்னக் கொக்கு நம்ம வயலுக்கும் வருது, இந்தச் சேத்துக்கும் வருது. இது நம்ம வயலுக்கு வருமா?"

அநேகமா வராது. விஷயமே அதுதான். கடற்கரைக் கொக்கு மேற்கு ஆப்பிரிக்கா, செங்கடல், பாரசீக வளைகுடா, குஜராத், இலங்கைன்னு பரவியிருக்கு. உலக அளவுல அழியிற நிலையில இருக்கிற பறவை இல்லை. ஆனா மேப்ல அதோட இடம் கரையை ஒட்டி ஒரு நூல் மாதிரிதான் போகும். சின்னக் கொக்குக்கு டெல்டா முழுக்க வீடு. இதுக்கு அந்தக் கழியும், சேறும், முத்துப்பேட்டை அலையாத்திக்காடு மாதிரியான இடங்களும்தான். உப்பளம், இறால் பண்ணை, 2018 நவம்பர்ல அடிச்ச கஜா புயல் எல்லாம் வந்ததும் அதே பட்டையிலதான். கோடியக்கரை 1967லேருந்து சரணாலயம், 2002லேருந்து ராம்சார் தளம். அப்படியும் அந்தப் பட்டை ஒல்லிதான்.

ஆபீஸ்ல தப்பான டேட்டா உள்ள போனா ரிப்போர்ட் கெடும், அவ்வளவுதான். இங்கே என்னை மாதிரி பத்து பேர் வயல் நடுவுல கடற்கரைக் கொக்குன்னு பதிவு போட்டா, அந்தப் பறவைக்கு இல்லாத வீட்டை இருக்குன்னு காட்டுறோம். அப்புறம் அந்தச் சேறு போனா என்ன, வேற இடம் இருக்கேன்னு யாரும் சொல்லலாம்.

அதனால இப்போ பறவையைப் பார்த்தா, என்ன நிறம்னு கேக்கிறதுக்கு முன்னாடி, நான் எந்தத் தண்ணிக்குப் பக்கத்துல நிக்கிறேன்னு கேட்டுக்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்க. கூடவே வெளிச்சம் முதுகுக்குப் பின்னால இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.