மே, மஸ்ட், ஷல்: ஆங்கிலக் காகிதம் கைக்கு வந்தால்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊக்குநர்கள் சில பேர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. "பேங்கிலிருந்து வர்ற காகிதம், ஆபீஸிலிருந்து வர்ற காகிதம் எல்லாம் பாதிக்குப் பாதி இங்கிலீஷ்ல இருக்கு. மொத்த இங்கிலீஷும் படிச்சு முடிக்க எங்களுக்கு நேரம் ஏது? எந்தச் சொல்லைப் பார்த்தா விஷயம் பிடிபடும், அதை மட்டும் சொல்லுங்க" என்று. நியாயமான கேள்விதான். அதனால் இன்றைக்கு அஞ்சாறு சின்னச் சொற்களை மட்டும் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். எல்லாம் இரண்டு எழுத்து, மூன்று எழுத்து, மிஞ்சிப் போனால் ஆறு எழுத்து. ஆனால் நாம் கட்டணுமா வேண்டாமா, போகணுமா வேண்டாமா என்பதை முடிவு பண்ணுவது இந்தச் சொற்கள்தான்.

இங்கிலீஷுக்குப் போகும் முன்னால் நம்ம பேச்சையே கொஞ்சம் பார்ப்போம். குழுக் கூட்டத்துக்கு யார் வருவது என்று பேசுகிறோம். உறுப்பினரின் மருமகள் பார்க்க வரலாம். உறுப்பினர் வரணும். குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் வீட்டுக்காரர் வரக் கூடாது. பிள்ளை பெற்று ஒரு மாதமே ஆன உறுப்பினர் வர வேண்டியதில்லை. சிரிக்கிறீங்க, ஆனால் இந்த நாலுக்குள் எல்லாச் சட்டமும் அடங்கிவிடும். 'லாம்' என்றால் அனுமதி. 'ணும்' என்றால் கட்டாயம். 'கூடாது' என்றால் தடை. நாலாவது இருக்கே, 'வேண்டியதில்லை', அதுதான் நாம் கவனிக்காமல் விடுவது. பிள்ளை பெற்றவள் வந்தாலும் யாரும் விரட்டப் போவதில்லை. வராவிட்டாலும் அபராதம் இல்லை. முடிவு அவள் கையில். 'கூடாது' என்று சொன்னால் முடிவு அவள் கையில் இல்லை. இரண்டுக்கும் எவ்வளவு தூரம், பாருங்க.

சரி, இங்கிலீஷுக்கு வருவோம். முதல் சொல் மே. எம், ஏ, ஒய் என்று மூன்று எழுத்து. மே மாதத்துக்கும் இதே எழுத்துதான். மாதம் என்றால் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். பிள்ளைகள் வகுப்பு வாசலில் நின்று "மே ஐ கம் இன் மிஸ்" என்று கேட்பதைக் கேட்டிருப்பீங்க. உள்ளே வரலாமா என்று அர்த்தம். அதே அனுமதியைக் 'கேன்' போட்டும் கேட்கலாம். அது கொஞ்சம் சாதாரணப் பேச்சு.

நம்ம 'லாம்' இரண்டு வேலை செய்யும். "நாளைக்கு மழை வரலாம்" என்றால் வந்தாலும் வரும், வராமலும் போகும். "நீ உள்ளே வரலாம்" என்றால் அனுமதி. இங்கிலீஷ் 'மே'யும் அப்படியேதான். கடன் பத்திரத்தில் "தி பேங்க் மே ரீகால் தி லோன்" என்று இருந்தால், பேங்க் ஒருவேளை கேட்கும், கேட்காமலும் போகும் என்று மழை மாதிரி நினைத்துவிடாதீங்க. மொத்தக் கடனையும் திரும்பக் கேட்கும் அதிகாரத்தை நாம் கையெழுத்துப் போட்டு பேங்குக்குக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். இன்னொரு காகிதத்தில் "சப்சிடி மே பி கிவன்" என்று இருக்கும். மானியம் கொடுக்கப்படலாம். அதை நம்பி மாடு பிடித்துவிட்டு, "மானியம் தர்றேன்னு எழுதிக் கொடுத்தீங்களே" என்று சண்டைக்குப் போக முடியாது. அவர்கள் தருவதாக எழுதவே இல்லை. அதனால் 'மே' கண்ணில் பட்டால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, இந்த 'லாம்' யாருக்கு? நமக்கா, அவங்களுக்கா?

அடுத்தது மஸ்ட். எம், யு, எஸ், டி. கட்டாயம், ஒளிவு மறைவு இல்லை. அதே வேலையைச் சட்டத்திலும் பத்திரத்திலும் செய்வது ஷல். எஸ், எச், ஏ, இரண்டு எல். பள்ளிக்கூடத்தில் இதை எதிர்காலத்துக்கான சொல் என்று சொல்லிக் கொடுப்பார்கள். வக்கீல்கள் எழுதும் காகிதத்தில் அது பெரும்பாலும் 'வேண்டும்'தான். "தி பாரோயர் ஷல் பே" என்றால் கடன் வாங்கியவர் கட்டுவார் என்று ஜோசியம் சொல்லவில்லை, கட்டியாக வேண்டும். 'பெரும்பாலும்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று சட்டத்தில் 'ஷல்' போட்டுத்தான் எழுதியிருக்கிறது. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அது வழிகாட்டும் விதி, மீறினாலே கைது செல்லாது என்று ஆகிவிடாது என்றது. மீறிய அதிகாரி காரணம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று நீதிமன்றமே உட்கார்ந்து நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கு.

'ஷுட்' என்று ஒன்று உண்டு. அது அறிவுரை, செய்தால் நல்லது என்ற மாதிரி. ஆனால் நம்ம ஊர் அலுவலகங்களில் "ஷுட் அட்டாச்" என்று எழுதினால் இணைக்காமல் போன விண்ணப்பம் திரும்பித்தான் வரும். நாம் செய்ய வேண்டியது என்றால் 'மஸ்ட்' என்றே எடுத்துக்கிட்டு ஜெராக்ஸ் போட்டுக் கொண்டு போயிடுங்க. பஸ் செலவு மிச்சம்.

இப்போ நாம் சறுக்குகிற இடத்துக்கு வர்றேன். என், ஓ, டி என்று மூன்று எழுத்து, 'நாட்'. இது ஒட்டிக்கிட்டால் அர்த்தம் எந்தப் பக்கம் சாயும்?

தமிழில் 'வரணும்' என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் சட்டென்று 'வர வேணாம்' என்போம். அந்தப் பழக்கத்தில் 'மஸ்ட்' என்றால் வேணும், 'மஸ்ட் நாட்' என்றால் வேணாம் என்று நினைக்கிறோம். அது தப்பு. 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது. 'ஷல் நாட்' என்றாலும் கூடாது. விதிகளில் வரும் 'மே நாட்' கூட அநேகமாகக் கூடாதுதான். 'தேவையில்லை' என்பதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். 'நீட் நாட்', இல்லையென்றால் 'டோன்ட் ஹேவ் டு'.

ஒரு குழுவுக்கு பேங்கிலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. எல்லா உறுப்பினரும் வர 'நீட் நாட்', கையெழுத்துப் போடும் இரண்டு பேர் தீர்மானப் புத்தகத்தோடு வர 'மஸ்ட்'. வீட்டில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் 'நீட்' என்றால் தேவை என்று படித்தவன். எல்லாரும் தேவை என்று சொல்லிவிட்டான். நாற்று நடவு நேரத்தில் பன்னிரண்டு பேரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றார்கள். பத்துப் பேருக்கு அங்கே வேலையே இல்லை. பையனைக் குறை சொல்லி என்ன செய்ய? 'நாட்' என்ற மூன்று எழுத்தைத் தாண்டிப் போய்விட்டான், அவ்வளவுதான்.

கூலி போனது ஒரு நாளோடு சரி. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். "பொம்பளை ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது, சட்டமே அப்படித்தான் சொல்லுது" என்று கிராமங்களில் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அடி வாங்கின பெண் புகார் கொடுக்கக் கிளம்பும்போதுதான் இந்தச் சட்டம் எல்லாருக்கும் ஞாபகம் வரும்! சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 179-வது பிரிவு இருக்கு. ஒரு வழக்கைப் பற்றி விவரம் தெரிந்தவர் என்று போலீஸ் ஒருவரை விசாரிக்க அழைப்பது பற்றியது. அதில் பெண்களைப் பற்றி உள்ள சொற்கள் "ஷல் பி ரிக்வயர்ட்". முன்னால் ஒரு 'நோ' இருக்கு. அதாவது, பெண் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு வந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. கூடாது என்ற தடை யாருக்கு? போலீஸுக்கு. பெண்ணுக்கு அது 'போக வேண்டியதில்லை'. அடுத்த வரியில் 'மே' வருகிறது. அவளுக்கு விருப்பம் இருந்தால் ஸ்டேஷனுக்கு வர அனுமதிக்கலாம். இந்தப் பிரிவு விசாரணைக்கு அழைப்பது பற்றி மட்டும்தான். புகார் கொடுக்கப் போகும் பெண்ணை இது தடுக்கவே இல்லை. பெண்ணுக்குப் பாதுகாப்பாகக் கொடுத்த 'வேண்டியதில்லை'யை, ஊரில் 'கூடாது' என்று மாற்றி அவள் காலிலேயே கட்டிவிட்டார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

இந்த 'நோ' பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் இல்லை, கூடாது எல்லாம் கடைசியில் வரும். அதனால் நம்ம கண் வாக்கியத்தின் கடைசியைத் தேடும். இங்கிலீஷில் தடை முதல் சொல்லாகவே ஒளிந்திருக்கும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதை "நோ சச் ஃபீ ஷல் பி சார்ஜ்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். முதல் 'நோ'வைத் தவறவிட்டால் கட்டணம் வாங்க வேண்டும் என்று தலைகீழாகப் போய்விடும்.

அதே சட்டத்தில் 6-வது பிரிவு நமக்கு ரொம்ப வேண்டியது. தகவல் ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 'ஷல் நாட் பி ரிக்வயர்ட்'. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அந்தத் தகவல் அலுவலர் உதவ வேண்டும்; அங்கே 'ஷல்'. 'மே' போடவில்லை பாருங்க. உதவுவது அவருடைய தயவு இல்லை, கடமை. மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

கடன் விஷயத்துக்கு வருவோம், நிறைய பேர் அதற்குத்தான் காத்திருக்கீங்க. வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடு இல்லாமல் கொடுக்கும் நுண்கடனுக்கு 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி விதிகள் போட்டது. அதில் 'ஷல்' எல்லாம் பெரும்பாலும் கடன் கொடுப்பவரைக் கட்டும் 'ஷல்'. கடன் ஒப்பந்தம் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆடு விற்று, சீட்டு எடுத்து, கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்கு அபராதம் கிடையாது. அங்கேயும் 'ஷல் பி நோ'. தவணை தவறினால் அபராதம் தவறிய தொகைக்கு மட்டும், மொத்தக் கடனுக்கும் இல்லை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் போட்டு நச்சரிப்பதைக் கடுமையான வசூல் முறை என்று சொல்லி, அதை அவர்கள் செய்யக் கூடாது என்றது. தவணையை இரு தரப்பும் பேசி வைத்த இடத்தில்தான் வாங்க வேண்டும். அந்த இடத்துக்கு நாம் தொடர்ந்து இரண்டு முறை அல்லது அதற்கு மேல் வராமல் போனால் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். அந்த 'வரலாம்' என்பதை "ஷல் பி அலவ்ட்" என்று எழுதியிருப்பார்கள். 'ஷல்' இருந்தாலும் பின்னால் 'அலவ்ட்' வந்தால் அது 'லாம்'தான். ஆக, இரண்டு தவணைக் கூட்டத்தை நாம் விட்டால் அவருக்கு 'லாம்' வந்துவிடுகிறது. இதையும் மறக்காதீங்க.

பேச வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று வாக்கியம் போதும். "மே ஐ ஹேவ் எ காப்பி?" ஒரு நகல் கிடைக்குமா. "மஸ்ட் ஐ சைன் டுடே?" இன்றைக்கே கையெழுத்துப் போட்டாகணுமா. இந்த இரண்டாவதைக் கேட்டுப் பாருங்க. "நோ, யூ நீட் நாட்" என்று பதில் வந்தால் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டு போய் நிதானமாகப் படிக்கலாம். இங்கிலீஷ் வாயில் வராவிட்டால் தமிழிலேயே கேளுங்க: "சார், இது கட்டாயமா, விருப்பமா?" நான் பார்த்த வரையில் இந்தக் கேள்விக்கு எதிரில் இருப்பவர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் கையில் இருக்கும் ஓர் ஆங்கிலக் காகிதத்தின் ஜெராக்ஸ் கொண்டு வரணும். மூலப் பத்திரத்தைக் கொண்டு வரக் கூடாது, பஸ்ஸில் தொலைந்தால் வம்பு. 'மே', 'மஸ்ட்', 'ஷல்', 'நாட்', 'நோ' எங்கே இருக்கு என்று பார்த்து, பென்சிலால் வட்டம் போட்டு வாங்க. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'நமக்கு', 'அவங்களுக்கு' என்று எழுதுவதை இங்கே சேர்ந்து செய்வோம். காகிதம் கிடைக்காதவங்களும் வரலாம். படிக்கிற பிள்ளைகளை அழைச்சுக்கிட்டும் வரலாம், அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் வருவதாகச் சொல்லியிருக்கான்.