எலிக்காய்ச்சலைக் காலத்தில் அறிந்து உயிர் காப்போம்

கமக்காரப் பெருமக்களே!

நெல்லைத் தின்று நட்டம் விளைக்கும் எலியை நீங்கள் நன்கு அறிவீர்கள். அவ்வெலி பயிருக்கு மட்டுமன்றி, உங்கள் உயிருக்கும் பகையாகும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்கிருமி எலியின் சிறுநீரகத்திற் குடியிருந்து, அதன் சிறுநீருடன் வெளியேறுகின்றது. மாடு, எருமை, நாய் ஆகியனவும் இதனைப் பரப்பக்கூடும். வயற்சேற்றிலும் வாய்க்கால் நீரிலும் கலந்த கிருமி, காற்புண், சிராய்ப்பு, கண், வாய் வழியாக உடலினுட் புகுகின்றது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோயால் 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணத்திலும் உயிரிழப்புகள் நேர்ந்தன.

நோயை அறிவது எவ்வாறு? கிருமி புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுள் திடீரெனக் கடுங்காய்ச்சலும் தலையிடியும் தோன்றும். கெண்டைக்காற் சதை தொட்டாலே நோகும். கண் சிவக்கும். சிறுநீர் குறைதல், அது கடும் நிறமடைதல், கண் மஞ்சளாதல், மூச்சுத்திணறல் என்பன ஆபத்தின் அறிகுறிகள். அவை தோன்றும்வரை காத்திருத்தல் ஆகாது.

காய்ச்சல் கண்டவுடன் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். “வயலில் இறங்கி வேலை செய்தேன்” என்று வைத்தியரிடம் கேளாமலே கூறுங்கள். இச்சொல் மிக முக்கியமானது. முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனை நோயைக் காட்டாது போகலாம். உங்கள் தொழிலை அறிந்த வைத்தியர் முடிவுக்குக் காத்திராது சிகிச்சையைத் தொடங்குவார். இலேசான நோய்க்கு டொக்சிசைக்கிளின் குளிசையும், கடும் நோய்க்குப் பெனிசிலின் ஊசியும் வழங்கப்படும். சிறுநீரகம் செயலிழந்தால் இரத்தத்தை இயந்திரத்தாற் சுத்திகரிக்க நேரிடும். கடையில் நோமாத்திரை வாங்கி விழுங்கி நாட்கடத்தாதீர்கள். சில நோமாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் பழுதாக்கும்.

வருமுன் காக்கவும் வழியுண்டு. உழவுக்கும் அறுவடைக்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணுங்கள். தகுதியுடையோருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் இலவசமாக வழங்கப்படும். கர்ப்பிணிகளும் சிறுவரும் வைத்திய ஆலோசனையின்றி இதனை உட்கொள்ளலாகாது. காயமுள்ளோர் சேற்றில் இறங்காதிருத்தல் நன்று; இறங்க நேரின் காயத்தை நீர் புகாதவாறு மூடிக் கட்டுங்கள். வாய்க்கால் நீரில் முகம் கழுவாதீர்கள். வரம்புகளைத் துப்புரவாக்கி, எலி வளைகளை அயலவரோடு கூடி ஒரே காலத்தில் அழியுங்கள்.

விதைப்பு நாளில் ஒரு பொழுதை வைத்தியசாலையிற் கழிப்பது இழப்பாகத் தோன்றலாம். ஒரு நாள் தவறிய வேலையை மறுநாள் முடிக்கலாம். காய்ச்சலுக்கு அவ்வாறு தவணை கொடுக்கலாகாது.