வள்ளமேற முன் சில வார்த்தைகள்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கோடைகால மீன்பிடிப் பயணம் பற்றி நிகழ்த்திய உரை. வராதவர்களும் வாசிக்க வேண்டும் என்று பலர் கேட்டபடியால் புத்தாண்டு மலரில் தரப்படுகிறது.)



வருகிற யூலை விடுமுறையில் ஹித்ரா தீவில் வீடு எடுத்து, சின்ன வள்ளங்களில் கடலுக்குப் போய் மீன் பிடிப்பது என்று செயற்குழு யோசித்திருக்கிறது. இருபது பேர் மட்டில் வர விருப்பம் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டவுடன் எங்கட ஆக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விட்டார்கள். ஒரு கட்சி, "நாங்கள் கடற்கரையில் பிறந்தனாங்கள், எங்களுக்கு என்ன சொல்லித் தாறது?" என்கிறது. மற்றக் கட்சி, "பிள்ளையளைக் கடலுக்கு அனுப்பவே மாட்டம்" என்கிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு இதைக் கொஞ்சம் விபரமாகக் கதைக்க வந்தேன்.

நோர்வேக்கும் எங்களுக்கும் உள்ள உறவே மீனில் தொடங்கினதுதான். குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராசேந்திரம் அவர்கள் 1956 இல் இந்த நாட்டுக்கு வந்தார். அவருடைய முயற்சியாலும் நோர்வே மக்களின் உதவியாலும் 'சீநோர்' என்ற நிறுவனம் உருவாகி, காரைநகரில் வள்ளம் கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் வந்தன. பிறகு எண்பதுகளின் கடைசியில் எங்கட ஆக்கள் கனபேர் பின்மார்க் பக்கத்து மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆனால் இத்தனை வருசம் மீன் வெட்டின எங்களில் பலர் இந்தக் கடலில் ஒரு நாளும் வள்ளத்தில் போனதில்லை. பிள்ளைகளுக்கும் மீன் என்றால் கடையில் இருக்கிற வெள்ளைத் துண்டுதான். ஆகவே இந்தப் பயணம் நல்ல யோசனை என்றே நான் சொல்லுவேன். ஆனால் திட்டம் போட்டுப் போக வேணும்.

ஊர்க் கடலும் இந்தக் கடலும்

ஹித்ராவுக்குக் காரிலேயே போகலாம். 1994 இல் திறந்த சுரங்கப் பாதை கடல் மட்டத்துக்குக் கீழே 264 மீற்றர் வரை இறங்கி ஏறுகிறது. அங்கிருந்து புறோயா தீவுக்கு 2000 ஆம் ஆண்டு திறந்த இன்னொரு சுரங்கம் இருக்கிறது. கரை முழுக்கப் பாறை. சுற்றிவரச் சின்னச் சின்னத் தீவுகளும் திட்டிகளும். மீன் நிற்கிற இடமும் அதுதான், வள்ளம் உடைகிற இடமும் அதுதான்.

எங்கட பாக்கு நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது. ஊரில் வள்ளம் தட்டினால் சேற்றிலோ மணலிலோ தட்டும். இறங்கித் தள்ளி விடலாம். இங்கே கரையிலிருந்து கல்லெறி தூரத்திலேயே நூறு மீற்றர் ஆழம் இருக்கும். அந்த ஆழத்திலிருந்து திடீரென்று ஒரு பாறை எழும்பி, தண்ணீருக்கு ஒரு முழம் கீழே நிற்கும். காற்று இல்லாத நாளிலும், வெளிக்கடலிலிருந்து வருகிற நீண்ட அலை அந்தப் பாறைக்கு மேலே வந்தவுடன் எழும்பி உடையும். பத்து நிமிசம் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு ஒருதரம் வெள்ளையாக உடைகிற இடங்களும் உண்டு. கடல் வரைபடத்தில் இவை சிலுவைக் குறியாகப் போடப்பட்டிருக்கும். போனில் வரைபடம் பார்க்கிறவர்கள் நன்றாகப் பெருப்பித்துப் பார்க்க வேணும். சின்னதாகப் பார்த்தால் சில பாறைகள் படத்திலேயே தெரியாது. பாறைகளில் நட்டிருக்கிற இரும்புக் கம்பிகளில் கை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், அது காட்டுகிற பக்கத்தால்தான் போக வேணும்.

அடுத்தது வற்றும் பெருக்கும். யாழ்ப்பாணத்தில் இதன் வித்தியாசம் கொஞ்சம்தான். ஹித்ராப் பக்கம் இரண்டு மீற்றருக்கு மேலேயும் போகும். காலையில் மேலால் தாண்டிப் போன பாறை பின்னேரம் வள்ளத்தைக் கிழிக்கும். கயிற்றைக் கட்டையாகக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், வந்து பார்க்கும்போது வள்ளம் தொங்கிக்கொண்டு நிற்கும். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் என்றால் அலை கிட்டக்கிட்ட எழும்பும். எங்கட ஐயாமாருக்கு இது சொல்லத் தேவையில்லை, சோழகத்திலும் வாடையிலும் பார்த்ததுதான். இங்கே நாங்கள் பயப்பட வேண்டியது கச்சான் பக்கத்துக் காற்று. மேற்கே மறைப்பு இல்லாத பெருங்கடல்.

எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம் குளிர். ஊரில் வள்ளம் கவிழ்ந்தால் பிடித்துக்கொண்டு இரவு முழுக்க மிதந்து தப்பினவர்கள் இருக்கிறார்கள். இங்கே கோடையிலும் வெளிக்கடலின் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு பாகையில் நிற்கிற நாட்கள் உண்டு. விழுந்தவுடன் மூச்சு இழுத்து இழுத்து வாங்கும். அந்த முதல் ஒரு நிமிசத்தில் வாய்க்குள் தண்ணீர் போனால் நல்ல நீச்சல்காரனும் தாழுவான். அதைத் தாண்டினால் ஒரு பத்து நிமிசம் மட்டில்தான் கைகால் சொன்னபடி கேட்கும். பிறகு விரல் மடங்காது, கயிறு பிடிக்க ஏலாது. "எனக்கு நீந்தத் தெரியும், அங்கி வேண்டாம்" என்று சொல்லுகிற அண்ணைமார் இதை யோசிக்க வேணும்.

சட்டம் என்ன சொல்லுகிறது

எட்டு மீற்றருக்குக் குறைந்த வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியில் இருக்கிற எல்லோரும் மிதவை அங்கி போட்டிருக்க வேணும் என்று 2015 மே மாதம் முதல் சட்டம். வள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது, உடம்பில் இருக்க வேணும். பிள்ளைகளின் அங்கிக்குக் கழுத்துப் பட்டியும் கால்களுக்கிடையில் போகிற பட்டியும் வேணும். இல்லாட்டி அங்கி மேலே போக, பிள்ளை கீழே போகும்.

வள்ளம் எட்டு மீற்றருக்கு மேலே, அல்லது இயந்திரம் 25 குதிரைவலுவுக்கு மேலே என்றால், 1980 சனவரி 1 ஆம் திகதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு வள்ளம் ஓட்டும் பத்திரம் வேணும். இது 2010 இல் வந்த சட்டம். அதாவது என் வயதுக்காரர் எல்லோருக்கும் வேணும். மீன்பிடிக்கு வாடகைக்குத் தருகிற வள்ளங்களில் அனேகமாக இதைவிடப் பெரிய இயந்திரம்தான் இருக்கும். முன்னம் பிறந்தவர்களுக்குச் சட்டப்படி பத்திரம் தேவையில்லை, ஆனால் அவர்களும் அந்தப் பாடத்தைப் படிப்பது நல்லது. சித்திரையிலிருந்து யூலைக்கு மூன்று மாதம் இருக்கிறது. மாலை வகுப்பாகவோ வீட்டில் இருந்தோ படிக்கலாம். பெண்களும் இளம் பிள்ளைகளும் இதற்கு முன்வர வேணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடலில் தூண்டில் போட அனுமதிப் பத்திரமோ பணமோ தேவையில்லை. ஆனால் மீன் வளர்க்கிற கூடுகளிலிருந்து நூறு மீற்றருக்குள் மீன் பிடிக்கக் கூடாது, இருபது மீற்றருக்குள் போகவே கூடாது. ஹித்ராவிலும் புறோயாவிலும் இந்தக் கூடுகள் நிறைய இருக்கின்றன. மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளமும் உண்டு. குவெய்த்தே என்கிற பெரிய தட்டை மீன் 84 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றாலும் விட வேணும், இரண்டு மீற்றருக்கு மேலென்றாலும் விட வேணும். மற்ற மீன்களின் அளவை மீன்பிடித் திணைக்களத்தின் பட்டியலில் பார்த்து, அளவு கோலோடு போவோம்.

லண்டனிலும் கனடாவிலும் இருந்து வருகிற உறவினருக்கும் ஒரு சொல். அவர்கள் கையால் பிடிக்கிற தூண்டில் மட்டும் பாவிக்கலாம். பெட்டியில் மீன் கட்டிக்கொண்டு போகிற பழைய பழக்கம் சரிவராது. 2021 முதல், பதிவு செய்த மீன்பிடி விடுதியில் தங்கி அதற்கான பத்திரம் வைத்திருக்கிறவர்கள் மட்டும்தான் நாட்டுக்கு வெளியே மீன் கொண்டுபோகலாம். அதற்கும் நிறை எல்லை உண்டு. அந்த எல்லையை அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஆகவே போக முன் திணைக்களத்தின் பக்கத்தில் பாருங்கள்.

யார் யார், எப்போது

செயற்குழுவுக்கு என் ஆலோசனை இது. மூன்று வள்ளம் எடுப்போம். ஒரு வள்ளத்தில் எத்தனை பேர் என்று அதில் அடித்திருக்கிற தகட்டில் இருக்கும். அது எவ்வளவாக இருந்தாலும் நாங்கள் நாலு பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம். தூண்டில் வீச இடம் வேணும். அப்போது பன்னிரண்டு பேர் கடலில், எட்டுப் பேர் கரையில். மாறி மாறிப் போகலாம்.

ஒவ்வொரு வள்ளத்திலும் பத்திரம் உள்ள ஒருவர், கடல் பழகின ஒரு பெரியவர், வரைபடம் பார்க்கவும் நோர்வே மொழியில் உடனே கதைக்கவும் தெரிந்த ஒரு இளம் பிள்ளை இருக்க வேணும். ஐயாவுக்குக் காற்றின் குணம் தெரியும், பிள்ளைக்குப் போனில் பாறை தெரியும். இரண்டு பேரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்க வேணும். மூன்று பேரில் ஒருவர் "திரும்புவம்" என்றால் அதற்கு மேல் விவாதம் இல்லை, திரும்புகிறதுதான். திரும்பினவரைப் பிறகு பகிடி பண்ணவும் கூடாது. எங்கட ஆக்களிடம் இந்தப் பகிடிதான் கன ஆபத்தைக் கொண்டு வருகிறது.

முதல் நாள் ஹித்ராவின் தெற்குப் பக்கத்தில், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் இருக்கிற கடலில் பழகுவோம். அங்கே கப்பல்கள் போகும், அவற்றின் அலைக்கு முகம் கொடுக்கப் பழக வேணும். வெளிப்பக்கம் போவது காலநிலை ஒத்துவந்தால் மட்டும். நோர்வே வானிலை நிலையமும் என்.ஆர்.கே.யும் நடத்துகிற 'யூர்' சேவையில் காற்றை மட்டும் பார்க்காமல் அலையின் உயரத்தையும் பாருங்கள். காற்று விநாடிக்கு ஐந்து மீற்றருக்கு மேல் என்றால் நாங்கள் போவதில்லை என்று இப்போதே முடிவெடுப்போம். நல்ல வெயில் நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பும். அதனால் விடிய ஆறு மணிக்குப் போய்ப் பத்து மணிக்கு வருவோம். பின்னேரம் காற்று விழுந்த பிறகு இன்னொருதரம் போகலாம், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

வள்ளம் ஓட்டுகிறவர் இயந்திரத்தை நிற்பாட்டுகிற சிவப்புக் கயிற்றை உடம்பில் கொழுவியிருக்க வேணும். நங்கூரத்தைப் பின்பக்கத்தால் போடக் கூடாது, அலை ஏறி வள்ளம் நிரம்பும். குடிவகை வள்ளத்தில் வேண்டாம், ஏறுகிறதுக்கு முன்னமும் வேண்டாம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று கரையில் இருக்கிறவரிடம் எழுதிக் கொடுப்போம். சொன்ன நேரத்துக்கு வராமல், போனும் எடுக்காவிட்டால், கரையில் இருக்கிறவர் 120 க்கு அழைக்க வேணும். அது கடல் ஆபத்துக்கான இலக்கம். வள்ளத்தில் வானொலிக் கருவி இருந்தால் 16 ஆம் அலைவரிசை. வெட்கப்பட்டுப் பிந்த வேண்டாம். கடல் மீட்புச் சங்கம் 1891 முதல் இந்த நாட்டில் இந்த வேலையைச் செய்கிறது, அவர்கள் யாரையும் நிறம் பார்த்துத் தூக்குவதில்லை.

பிடித்த மீனை என்ன செய்வது

மீன் தொழிற்சாலையில் நிற்கிறவன் என்றபடியால் இதையும் சொல்ல வேணும். மீன் ஏறினவுடன் தலையில் அடித்து, தொண்டையை வெட்டி, கடல் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிசம் இரத்தம் போக விடுங்கள். பிறகு குடலை எடுத்து ஐஸில் வையுங்கள். குடலைப் பிந்தி எடுத்தால் அதிலிருக்கிற புழு தசைக்குள் ஏறும். சமைத்தால் ஆபத்தில்லை, ஆனால் பச்சையாகச் சாப்பிட விரும்புகிற பிள்ளைகள் முதலில் நன்றாக உறைய வைக்க வேணும். இருபது பேர் சாப்பிடுகிற அளவுக்குப் பிடித்தால் போதும். சேய் மீன் குழம்புக்கும் பொரியலுக்கும், தொஷ்க் மீன் சொதிக்கும் நல்லது. தொஷ்க் தலையை எறிய வேண்டாம். ஹித்ரா நண்டுக்குப் பேர் போன இடம். ஒடியல் மா கொண்டு வருகிறவர்கள் பேர் தந்தால், கடைசி நாள் எல்லோருக்கும் ஒரு கூழ் வைக்கலாம். மட்டி பொறுக்க முன் உணவுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நச்சு அறிவித்தலைப் பாருங்கள்.

கரையில் நிற்கிறவர்கள்

கடைசியாக ஒன்று. எங்களுக்குள் கடலைப் பார்க்கவே விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். இரவோடு இரவாக இராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் போனவர்கள், 2004 மார்கழி 26 இல் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள், 2009 இல் முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்றவர்கள். அவர்களைப் பார்த்து "என்ன பயமோ?" என்று கேட்கிறது சரியில்லை. கையைப் பிடித்து இழுக்கிறதும் சரியில்லை. அவர்களும் எங்களோடு வரட்டும். சமையல் இருக்கிறது, கரைப் பாறையில் இருந்து தூண்டில் போடலாம், நேரம் பார்த்து 120 க்கு அடிக்கிற பொறுப்பான வேலையும் கரையில்தான் இருக்கிறது. ஒருநாள் அவர்களாகவே "நானும் வாறன்" என்று சொன்னால் அங்கி ஒன்று மேலதிகமாக இருக்கட்டும். சொல்லாவிட்டாலும் ஒன்றும் குறையவில்லை.

தாய்மாருக்கும் சொல்லுகிறேன். நீங்கள் பயப்படுகிறது பிழையில்லை. அந்தப் பயத்தோடு வந்து அங்கியின் பட்டியை நீங்களே இழுத்துப் பாருங்கள். சரியில்லையென்றால் வள்ளத்தை நிற்பாட்டுகிற உரிமை உங்களுக்கு இருக்க வேணும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வர விரும்புகிறவர்கள் பெயரையும் வயதையும், நீந்தத் தெரியுமா, பத்திரம் இருக்கிறதா என்பதையும் இந்த மாத முடிவுக்கு முன் செயலாளரிடம் கொடுங்கள். அங்கி எல்லோருடைய நிறைக்கும் பார்த்து எடுக்க வேண்டியிருப்பதால் நிறையையும் மறைக்காமல் எழுதுங்கள்.

போகிற இருபது பேரும் இருபது பேராகவே திரும்பி வருவோம். எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.